பயிற்சியும் வாய்மொழி மரபும்: மலையகக் கலை பற்றிய சில கருத்துக்கள்

மலையக இலக்கியம் பற்றி இதுவரை வெளிவந்த விமர்சனங்களில் 'துன்பம்' என்ற சொல் பெற்றுள்ள இடத்தைப் 'பயிற்சி' என்ற சொல் பெற்றதில்லை. தோட்டத் தொழிலாளியின் பாட்டு அவனது வேதனையின் வெளிப்பாடு. அவனது கூத்து அவனது களைப்புக்கு மருந்து. அவனது கதை அவனது கண்ணீர். இவ்வாறு கூறி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்றுக்கள் பொய்யல்ல. தென்னிந்தியாவிலிருந்து முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொணரப்பட்ட மக்களின் வரலாற்றில் துன்பத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் துன்பம் ஒரு லயத்திலுள்ள அனைவர்க்கும் பொதுவானது. பாட்டுக் கட்டத் தெரிந்தவரோ அந்த லயத்தில் இருவர் அல்லது மூவர். துன்பம் மட்டுமே பாட்டை ஈனுமாயின் எல்லோரும் பாணராக இருந்திருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை நமது விமர்சகர் கருத்திற் கொள்ளாமை வியப்புக்குரியது.

இது வெறும் அழகியற் பிரச்சினை அன்று. தோட்டத்து வேலையைத் 'தேர்ச்சி தேவையற்ற உழைப்பு' என்று வகைப்படுத்தியவர் துரைமார். கொழுந்து பறிக்கும் கைக்கு மூளை வேண்டியதில்லை என்பதே அவ்வகைப்பாட்டின் உட்கிடை. நாட்டார் பாடல் தானாகப் பொங்கி வழிவது, அதற்குக் கல்வியோ முயற்சியோ தேவையில்லை என்று பரிவோடு எழுதும் விமர்சகரும், தம்மை அறியாமலே, அதே கருத்தைத்தான் வேறு சொற்களிற் கூறுகிறார். முன்னவர் தொழிலாளியின் கைக்கு மனத்தை மறுத்தார். பின்னவர் அவன் வாய்க்கு மறுக்கிறார். இவ்விரண்டாவது மறுப்பு நண்பர்களிடமிருந்து வருவதால் அதனைக் கண்டறிவது கடினமாயிருக்கிறது.

இவ்வகையில் முதலில் நோக்க வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984). மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, தொழிற்சங்கப் பணியில் வாழ்வைக் கழித்த அவர், 1983 இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பு, தோட்ட மக்களின் வாய்மொழியை எழுத்துக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் தலையாயது. அவர் ஆங்கிலத்திற் கவிதையும் உரைநடையும் எழுதியவர். 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்ற அவரது நெடும்பாட்டைச் சக்தீ பால-ஐயா தமிழாக்கினார். 1970 இல் வெளிவந்த 'போர்ன் ரு லேபர்' தோட்டத்து மாந்தரின் சித்திரங்களைத் தந்தது. இத்தனையும் எழுதிய ஒருவர், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் எழுத்தறியாத பெண்கள் பாடிய பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார் என்பதே மனங்கொள்ளத்தக்கது. கேட்டல், நினைவிற் கொள்ளல், மீண்டும் கேட்டல் என்னும் நீண்டகாலப் பழக்கம் இன்றி இத்தகைய தொகுப்பு இயலாது.

ஆனால் நூலின் பெயரை நோக்குக. அவை 'மக்கள்' பாடல்கள். மக்கள் என்ற சொல்லுக்குள் பாடகர் மறைந்து போகிறார். ஒரு பாட்டை ஒருத்தி யாரிடம் கற்றாள், எத்தனை வயதிற் கற்றாள், எந்த அடிகளைத் தானே புனைந்தாள் என்ற வினாக்களுக்கு 'மக்கள்' என்ற சொல் விடை தராது. இது சி. வி. ஒருவரது குறையன்று, அக்காலத்து நாட்டாரியல் முழுவதற்கும் பொதுவான நோக்கு. கூட்டுப்படைப்பு என்ற கருத்தை நாமும் முற்போக்குக் கருத்தென ஏற்றோம். கூட்டு என்பது தனித்தனியே தேர்ச்சி பெற்றவர்களின் கூட்டாகவும் இருக்கலாம் என்பதை எண்ணவில்லை. பின்வந்த சாரல் நாடன், தேயிலைத் தொழிற்சாலையிற் பணியாற்றிக்கொண்டே, 1993 இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்ற நூலைத் தந்து இத்துறையை மேலும் விரித்தார். அவர்க்குப் பின்னும் பாட்டே தொகுக்கப்படுகிறது. பாட்டைக் கற்ற முறை தொகுக்கப்படுவதில்லை.

கற்கும் முறை எங்கே வெளிப்படையாகத் தெரிகிறது எனின், காமன் கூத்தில் எனலாம். மாசி மாதத்து அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையிற் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமியையொட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு கதை உச்சம் பெறும். இடைப்பட்ட இரவுகளில் ரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று ஆடுவர். தூதன், வீரபத்திரன், எமன் முதலிய பாத்திரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரவுப் பாட்டும் தனித்தனி அடவும் உடையன. தப்பும் உறுமியும் தாளத்தை வகுக்கின்றன. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி தடுக்கும் தர்க்கம் பாட்டாகவே நிகழ்கிறது; ஒருவர் கேட்க மற்றவர் மறுக்க, இருவரும் தாளத்தை விடாது நெடுநேரம் ஆடவும் பாடவும் வேண்டும். ரதி வேடம் பூணுபவனும் ஆணே. அவன் பகலிற் கவ்வாத்து வெட்டியவனாகவோ, கானு வெட்டியவனாகவோ இருப்பான்.

இத்தனை பாட்டையும் அடவையும் ஒருவன் எவ்வாறு மனத்திற் கொள்கிறான்? வேலை முடிந்த மாலைகளில் வாத்தியார் பயிற்றுகிறார். வாத்தியாரிடம் ஒரு கொப்பி இருக்கும். அது அவர் தமது வாத்தியாரின் கொப்பியைப் பார்த்து எழுதியதாக இருக்கும். ஆடுபவன் கையிற் கொப்பி இராது. வாத்தியார் ஓர் அடி சொல்ல அவன் திருப்பிச் சொல்கிறான். பின் தாளத்தோடு சொல்கிறான். பின் காலடியோடு சொல்கிறான். தவறிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பாத்திரத்தை அவனே ஏற்பான். சில ஆண்டுகளின் பின் தன் தம்பிக்கோ மகனுக்கோ அதனைச் சொல்லிக் கொடுப்பான்.

நன்னூலின் பாயிரம் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் மாணாக்கன் கற்கும் முறைக்கு ஒரு கணக்கே தருகிறார். ஆசிரியர் சொன்னதை எத்துணை நன்றாகக் கேட்டாலும் புலமையிற் காற்பங்குதான் கைவரும்; உடன் பயில்வாரோடு பழகுவதாற் காற்பங்கு வரும்; எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைப்பதால் மட்டுமே வரும். ஒருமுறைக்கு இருமுறை கேட்டலின் பயனையும், மும்முறை கேட்டலின் பயனையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இலக்கணம் கற்பித்தற்கெனக் கூறப்பட்ட இக்கணக்கு, இலக்கணத்தின் பெயரையே கேட்டிராத ஒருவன் டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ கூத்துப் பழகும் முறைக்கு முற்றாகப் பொருந்துகிறது. வாத்தியார் தருவது கால். சக ஆட்டக்காரர் தருவது கால். ஊர் விழித்திருந்து பார்க்கும் களமும், பின்னர் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் மாலைகளும் தருவது அரை.

இதனை உலகளாவிய ஆய்வோடும் ஒப்பிடலாம். மில்மன் பரி 1930களில் யூகோஸ்லாவியாவின் வாய்மொழிப் பாடகரிடம் செய்த களஆய்வைத் தொடர்ந்து, அவர் மாணவர் அல்பேர்ட் லோர்ட் 1960 இல் 'த சிங்கர் ஒவ் ரேல்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். பாடகன் உருவாவதில் மூன்று கட்டங்களை லோர்ட் கண்டார்: கேட்டுக்கொண்டிருக்கும் காலம்; தானே பாட முயலும் காலம்; தேர்ந்த அவையின் முன் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்கும் காலம். எழுத்தறியாமை இங்கு அறியாமை ஆகவில்லை. வாய்பாடுகளையும் கருப்பொருள்களையும் கையாளும் ஒரு தொழில்நுட்பத்தை அப்பாடகன் ஆண்டுக்கணக்கிற் பயின்றவன் என்பதே அந்நூலின் அடிப்படை.

இக்கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தியவர் நம்மவரே. மார்க்சியக் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்த க. கைலாசபதி, 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த தமது வீரயுகக் கவிதை ஆய்வில், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் அடிப்படையில் விளக்கினார். அவ்வாய்வின் சிறப்பு ஐயத்துக்கிடமற்றது. எனினும் அது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பழைய பாணரைப் பற்றியது. பேராதனையிலிருந்து புகைவண்டியிற் சில மணி நேரப் பயணத்தில், ஹற்றன் நிலையத்துக்கு இப்பாலும் அப்பாலும் உயிரோடு பாடிக்கொண்டிருந்த பாடகர்களிடம் அதே வினாக்களைக் கேட்க நமது பல்கலைக்கழகங்கள் விரையவில்லை. இறந்த பாணனிடம் காட்டிய மதிப்பை இருக்கும் பாணனிடம் காட்டத் தயங்குவது கல்வியுலகின் பழைய நோய்.

லோர்டின் கருத்துக்களையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எழுத்து நுழைந்தவுடன் வாய்மொழித் திறன் மடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வாத்தியாரின் கொப்பி இதற்கு மாறான சான்று. அங்கு எழுத்து நினைவுக்குப் பகையன்று, அதன் காவலாள். பரிசோதிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது திறக்கப்படுகிறது.

இனி ஒரு சிக்கலான வினாவுக்கு வருவோம். திரும்பத் திரும்பச் செய்வதே பயிற்சியாயின், கொழுந்து பறிப்பவளை விடப் பயிற்சி பெற்றவர் யார்? காலைப் பிரட்டு முடிந்து நிரையில் நின்றதிலிருந்து மாலை நிறுவை வரை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற அதே தெரிவை அவள் விரல்கள் ஆயிரக்கணக்கான முறை செய்கின்றன. முற்றிய இலையைக் கண் பார்க்குமுன் விரல் ஒதுக்குகிறது. இது தேர்ச்சியே, இதைத் தேர்ச்சியற்ற உழைப்பு என்றவர் ஒரு நாள் நிரையில் நின்று பார்த்திருக்கலாம். என்.எஸ்.எம். இராமையா தமது புகழ்பெற்ற சிறுகதைக்கும், 1980 இல் வந்த தொகுப்புக்கும் 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயரிட்டது தற்செயலன்று. அக்கூடைக்குள் இருப்பது இலை மட்டுமன்று, ஒருத்தியின் திறமையும் மானமும் என்பதை முதலில் உணர்த்திய எழுத்தாளர் அவர் எனலாம்.

ஆயினும் இத்தேர்ச்சியைக் கூத்துக்காரனின் தேர்ச்சியோடு ஒருங்கு வைக்க நம்மால் முடியவில்லை. 1993 இல் அன்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளரும் பேர்லின் வயலின் மாணவரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, திட்டமிட்ட பயிற்சியை வேலையிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் பிரித்தது. வேலை, தெரிந்ததைக் கொண்டு பயன் பெறுவது. பயிற்சி, தெரியாததை நோக்கி வேண்டுமென்றே ஓரடி வைப்பது. இப்பிரிவினையில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஓரடி வைக்க நேரம் யாருடையது என்ற வினாவை உளவியல் எழுப்புவதில்லை. அரசியற் பொருளாதாரமே எழுப்புகிறது. தோட்டத்தில் 'நோம்' எனப்படும் நாளளவு, பெரும்பாலும் 16 முதல் 18 கிலோவும் சில இடங்களில் அதற்கு மேலும், நிறைவேறாவிடின் அரைப்பேர். திறமை கூடினால் நாளளவும் கூடும் என்ற அச்சம் எப்போதும் உண்டு. தன் கைத்திறன் தன் மீதே சுமையாகத் திரும்பும் இடத்தில் ஒருவர் ஏன் திறனை வளர்க்க வேண்டும்? ஹரி பிரேவர்மன் 1974 இல் சுட்டிக்காட்டியது போன்று, முதலாளித்துவ உற்பத்தி எண்ணுதலையும் செய்தலையும் வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துவிடுகிறது. எண்ணுபவர் கணக்கப்பிள்ளை, செய்பவள் தொழிலாளி.

ஆயினும் அவளும் எண்ணினாள். கூடைப் பாரத்துக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்பட்ட றாத்தல்களை மனத்தில் வைத்து, சம்பள நாளிற் செக்றோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனக்கணக்கு தோட்டத்துப் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. ஏமாற்றப்படுவோம் என்ற முன்னறிவு தந்த பயிற்சி அது. அதைக் கல்வி என்று எந்த அறிக்கையும் பதியவில்லை.

அறிக்கைகள் பதிந்த கல்வி வேறு. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டச் சிறுவர்க்குப் பாடசாலை நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேற் சுமத்தியது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ளோரே அதன் எல்லைக்குட்பட்டோர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், வேலைக்குப் போகுமுன் சில மணி நேரம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1945 இல் நாடு இலவசக் கல்வி பெற்றபோதும் இப்பாடசாலைகள் பெருமளவிற்குத் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களிலேயே. அங்கும் ஒப்புவித்தல் நடந்தது. பொருள் விளங்காது கூட்டாகக் கத்தி ஒப்புவிப்பதற்கும், அதே சிறுவன் மாலையிற் கூத்து வாத்தியாரிடம் ஓரடியை மீண்டும் மீண்டும் சொல்வதற்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை இல்லை. உள்ளே வேற்றுமை பெரிது. கூத்திற் பிழை உடனே தெரிந்தது; திருத்துவார் இருந்தனர்; திருந்தியதைக் கேட்க ஓர் ஊர் காத்திருந்தது. நமது கல்வியாளர் மனனம் என்றாலே பழைமைவாதம் என்று ஒதுக்குவதிலும், பழைமை போற்றுவோர் மனனம் என்றாலே புலமை என்று உயர்த்துவதிலும் இவ்வேற்றுமை தவறிவிடுகிறது. செய்குத்தம்பிப் பாவலர் போன்ற சதாவதானிகளின் ஆற்றல் வியக்கத்தக்கது. ஆனால் அது ஓர் அறிஞரின் அரங்கேற்றம். தோட்டத்தில் நாம் காண்பது ஓர் ஊர் தன் நினைவைத் தானே பேணிய ஏற்பாடு.

இவ்வேற்பாட்டைப் பொன்போற் போற்றுவதும் சரியன்று. தப்பு அடிப்பவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைக்கவும், இரவிற் காமனை ஆட்டவும், இழவுக்கு முன்செல்லவும் அதே தப்பு, அதே குடும்பம். தாளத்தில் அவர்கள் பெற்ற நுண்மையான தேர்ச்சி, விரும்பி ஏற்றதன்று. விலக முடியாது ஏற்றது. அவர்களுடைய இளைஞர் தப்பைக் கீழே வைக்க விரும்பின் 'கலை அழிகிறதே' என்று நாம் புலம்புவது நியாயமாகாது. இன்று அதே கருவியை விருப்போடு கையிலெடுத்து மேடையேறும் இளைஞர் குழுக்களும் உள்ளன. அது வேறொரு தொடக்கம்.

எழுத்துலகிலும் பயிற்சிக்கென ஒரு களம் அமைந்தபோது விளைவு உடனே தெரிந்தது. 1960களில் ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் மாணவரிடையே ஊட்டிய விழிப்பும், வீரகேசரி நாளிதழ் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகளும் ஒரு தலைமுறையை எழுத வைத்தன. அப்போட்டிக் கதைகள் 1971 இற் 'கதைக்கனிகள்' என நூலுருப் பெற்றன. போட்டி, பரிசுக்காக மட்டுமன்று. எழுதியதை இன்னொருவர் படித்துத் தீர்ப்புக் கூறும் இடம் அது. நன்னூல் கூறிய இரண்டாவது காற்பங்கு அதுவே. தெளிவத்தை ஜோசப் போன்றோர் நெடுங்காலம் தொடர்ந்து எழுதித் தேர்ந்தமைக்கும், இராமையா குறைவாக எழுதியே நிலைபெற்றமைக்கும் ஒரே சூழல் பின்னணியாக நின்றது. குறைவாக எழுதியவரை முயற்சியற்றவர் எனல் தவறு. எழுதாது வைத்திருப்பதும் ஒருவகைப் பயிற்சியே என்பதற்கு அவர் கதைகளின் இறுக்கம் சான்று.

இச்சூழலைச் சிதைத்தது திறமைக் குறைவன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பங்கிட ஒதுக்கி வைத்தது. எண்ணப்பட்டவை தலைகள். ரதி ஆடுபவன் கோத்தகிரிக்கும் மதன் ஆடுபவன் மஸ்கெலியாவுக்குமாகப் பிரிந்தால் அங்கு ஒரு கூத்து நின்றது என்பது எந்த ஒப்பந்தத்தின் அட்டவணையிலும் இல்லை. ஹைலண்ட்ஸ் ஆசிரியர் சிவலிங்கமே பின்னர் இந்தியா சென்று தாயகம் திரும்பியோரிடையே பணிபுரிந்தார். காற்பங்கும் காற்பங்கும் வெவ்வேறு நாடுகளிற் போய்ச் சேர்ந்தன.

மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. பல மேடைகளிற் காமன் கூத்தும் காட்டப்பட்டது. மேடைக்கு வரும்போது கூத்து ஒரு மணி நேரத்துக்குள், சில வேளை பதினைந்து நிமிடத்துக்குள் சுருங்குகிறது. சுருக்கத்தில் முதலில் நீங்குவது ரதி - மதன் தர்க்கம். ஏனெனில் அதுவே நீண்டது, அதுவே கடினமானது. நிகழ்ச்சியை ஒளிப்பதிவு செய்வோர் பலர். பதிய வேண்டியது நிகழ்ச்சிக்கு முந்திய மாலைகளை: எங்கே தவறினான், வாத்தியார் எச்சொல்லால் திருத்தினார், எத்தனையாம் முறை சரிவந்தது என்பனவற்றை. மேற்குச் சரிவில் சனவரி முதல் மார்ச் வரை வறட்சியாற் கொழுந்து குறையும். தேயிலையின் தரம் உயரும். வியாபாரிக்கு அது நல்ல தேயிலைப் பருவம். மாசிக் கூத்தும் அப்பருவத்திலேயே வருகிறது. ஆய்வாளர் செல்வதாயின் அதற்குச் சற்று முன்னரே சென்று சேரவேண்டும்.

ஒப்பாரிக்கு இந்த வசதியும் இல்லை. கூத்து ஆண்களது, அவர்களுக்கு மாலை உண்டு. கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவிற் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் தண்ணீரும் சேர்த்து உலை வைப்பவளுக்கு ஒத்திகைக்கு நேரமில்லை. அன்றியும் சாவுக்கு ஒத்திகை பார்ப்பது அமங்கலம். எனவே ஒப்பாரி எங்கும் பழகப்படுவதில்லை என்றே தோன்றும். ஆனால் இறந்தவரின் பெயர், உறவு, அவர் பிறந்த ஊர், பட்ட கடன், கட்டாத தாலி அனைத்தையும் அந்தக் கணத்தில் அடியும் எதுகையுமாக அடுக்கும் ஒருத்தி அதை எங்கோ கற்றே இருக்க வேண்டும். இழவு வீட்டிற் பெண்கள் தோளிற் கைபோட்டு வட்டமாக அமர்கின்றனர். மூத்தவள் ஓர் அடியை எடுக்கிறாள். மற்றவர் இழுத்து முடிக்கின்றனர். அவ்வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறுமியும் உட்கார்ந்திருப்பாள். முதலிற் கேட்பாள், சில சாவுகளின் பின் ஈற்றடியை மட்டும் சேர்ந்து சொல்வாள், பல ஆண்டுகளின் பின் தன் தாய்க்காக முதலடியைத் தானே எடுப்பாள்.